பழைய கம்ப்யூட்டருக்கு வேறு மதர்போர்டு: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் வாங்குவது

கடையில் போய் "நல்ல மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் மாட்டப்படும் பெரிய பலகை) ஒன்று வேண்டும்" என்று கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்பது "என்ன சிபியு?" என்றுதான். சிபியு என்பது கணக்கு வேலையைச் செய்யும் முக்கியச் சிப், புராசசர் என்பதும் அதுதான். அடுத்து ரேம் (வேலை நேர நினைவகம்), அடுத்து கேசிங் (எல்லாம் உட்காரும் பெட்டி). இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போனால் பெட்ரோல் காசு தண்டம். ஷாப்பியில் ஆர்டர் போட்டாலும் இதே கதைதான். பொருந்தாத போர்டைத் திருப்பி அனுப்பிப் பணம் கைக்கு வர நாளாகும்.

அதனால் இந்த வழிகாட்டியில் போர்டு கடைசியில்தான் வருகிறது. வீட்டில் இருக்கும் பெட்டியில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவானால், வாங்க வேண்டிய போர்டு தானாகவே இரண்டு மூன்று மாடல்களுக்குள் சுருங்கிவிடும். ஸ்குரூ கழற்றுவதையும் ஒயர் மாட்டுவதையும் எல்லோரும் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

1. ஒரு தாளில் குறிப்பு எடுங்கள்

கம்ப்யூட்டர் இன்னும் ஓடினால், ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்து மூன்று வரிகளை எழுதிக்கொள்ளுங்கள்: புராசசர் பெயர், பேஸ்போர்டு புராடக்ட் (போர்டின் மாடல்), பயோஸ் மோட். பயோஸ் என்பது விண்டோஸுக்கு முன் போர்டைத் துவக்கும் சின்ன மென்பொருள். மூன்றாவதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். அது 'லெகசி'யா (பழைய முறை) 'யுஇஎஃப்ஐ'யா (புதிய முறை) என்பது எட்டாவது படியில் தேவைப்படும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ரேமின் அளவும் வேகமும் இருக்கும்.

பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, போனில் நான்கு படம் எடுங்கள்: முழு போர்டு, பவர் சப்ளையின் ஸ்டிக்கர், ரேமின் ஸ்டிக்கர், பெட்டியின் பின்பக்கம். கடைக்காரரிடம் வாயால் விளக்குவதைவிட இந்தப் படங்களைக் காட்டுவது வேகம்.

போர்டு செத்தே போய்விட்டதென்றால் சிபியு மேலிருக்கும் கூலரைக் கழற்றி, காய்ந்த பேஸ்ட்டைத் துணியால் துடைத்தால் உலோக மூடியில் மாடல் எண் தெரியும். ரேம் ஸ்டிக்கரில் 'பிசி3' என்று தொடங்கினால் டிடிஆர்3, 'பிசி4' என்றால் டிடிஆர்4.

2. போர்டு மாற்றத்தான் வேண்டுமா?

இதைக் கேட்காமல் செலவு செய்பவர்கள் அதிகம். விண்டோஸ் ஏறவே ஐந்து நிமிடம் ஆகிறது என்று சொல்லிக் கொண்டுவரும் பெட்டிகளில் பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்க்தான் குற்றவாளி. சாட்டா எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்குக்குப் பதில் போடும் வேகமான டிரைவ்) ஒன்று போட்டு, 4 ஜிபி ரேமை 8 ஆக்கினாலே வீட்டு வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளி வேலைக்கும் போதும். அந்த எஸ்எஸ்டி பின்னால் புதுப் போர்டுக்கும் உதவும், காசு வீணாகாது.

இடி மின்னலுக்குப் பிறகு பெட்டி உயிரே இல்லாமல் கிடந்தால், போர்டு போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். வேறொரு பெட்டியின் பவர் சப்ளையை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். அடிபடுவது முதலில் பவர் சப்ளையாக இருப்பது சகஜம். கம்ப்யூட்டர் நன்றாக ஓடி, இன்டர்நெட் கேபிள் செருகும் இடம் மட்டும் செத்திருந்தால் ஒரு யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர் போதும்.

போர்டு மாற்ற நியாயமான காரணங்கள் என்று நான் ஒத்துக்கொள்வது மூன்று: போர்டு உண்மையாகவே செத்துவிட்டது, சிபியு இனித் தாங்காது, அல்லது விண்டோஸ் 11 வேண்டும், இருக்கும் சிபியு அதற்குத் தகுதியில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் மூன்றாவது காரணம்தான் இப்போது அதிகம் வருகிறது.

3. சிபியுவையும் சாக்கெட்டையும் முடிவு செய்யுங்கள்

முழு வேலையும் இந்தப் படியில்தான் நிற்கிறது. சாக்கெட், அதாவது போர்டில் சிபியு உட்காரும் இடம், பொருந்தாவிட்டால் மற்ற எதுவும் உதவாது.

இன்டெல் என்றால் மாடல் எண்ணிலேயே தலைமுறை தெரியும். ஐ5-3470 மூன்றாம் தலைமுறை, ஐ5-10400 பத்தாம் தலைமுறை. இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1155 சாக்கெட். நான்காம் தலைமுறைக்கு 1150. ஆறிலிருந்து ஒன்பது வரை 1151. பத்துக்கும் பதினொன்றுக்கும் 1200. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்குக்கு 1700.

இதில் 1151 ஒரு பொறி. ஆறு, ஏழு ஒரு வகை. எட்டு, ஒன்பது வேறு வகை. இரண்டும் ஒரே அளவு, சிபியு அழகாக உட்கார்ந்துவிடும், ஆனால் பூட் ஆகாது, அதாவது கம்ப்யூட்டர் துவங்காது. ஹெச்110, பி150, பி250 போர்டுகள் ஆறு, ஏழுக்கு மட்டும். ஹெச்310, பி360, பி365 எட்டு, ஒன்பதுக்கு. விற்பவர் "1151 போர்டு" என்று மட்டும் எழுதியிருந்தால், சிப்செட் (போர்டில் இருக்கும் துணைச் சிப்; ஹெச்110, பி360 எல்லாம் அதன் பெயர்கள்) பெயரைக் கேட்காமல் காசு அனுப்பாதீர்கள். 1200-லும் சின்னதாக ஒன்று உண்டு: ஹெச்410, பி460 போர்டுகளில் பத்தாம் தலைமுறை ஓடும், பதினொன்றை இன்டெல் அவற்றுக்கு அனுமதிக்கவில்லை.

இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி பக்கம் ஏஎம்4 சாக்கெட் 2016-இல் வந்து, அதன் ரைசன் சிபியுக்களில் 1000 வரிசையிலிருந்து 5000 வரிசை வரை தாக்குப்பிடித்தது. அதற்காக எல்லா ஏஎம்4 போர்டும் எல்லா ரைசனையும் ஏற்கும் என்று அர்த்தமில்லை. பி450-இல் 5000 வரிசை ஓட பயோஸ் புதிதாக இருக்க வேண்டும். பி550-இலோ 1000, 2000 வரிசைகளுக்கு அதிகாரப்பூர்வ ஆதரவு கிடையாது.

இங்கே பாதை இரண்டாகப் பிரியும். சிபியு பரவாயில்லை, போர்டு மட்டும் செத்தது என்றால் அதே சாக்கெட்டில் வேறு போர்டு தேடுங்கள். சிபியுவே பழசு என்றால் போர்டு, சிபியு, ரேம் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். "போர்டை மட்டும் புதுசா போட்டா வேகமாயிடுமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஆகாது. வேகம் சிபியுவிலும் ரேமிலும் எஸ்எஸ்டியிலும் இருக்கிறது. போர்டு அவற்றுக்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

1155, 1150 சாக்கெட்டுகளுக்குப் பெரிய கம்பெனிகள் புதுப் போர்டு விடுவதை எப்போதோ நிறுத்திவிட்டன. ஆன்லைனில் 'பிராண்ட் நியூ' என்று வரும் ஹெச்61, பி75 போர்டுகளில் பல, பழைய சிப்செட்டைக் கழற்றிப் புதுப் பலகையில் ஒட்டியவை. பயோஸ் அப்டேட் எதிர்பார்க்க முடியாது. மளிகைக் கடையின் பில் போடும் பெட்டியை இன்னும் கொஞ்ச காலம் ஓட்ட இது போதும். அப்கிரேடு என்று நினைத்து வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

மூன்றையும் மாற்றுவதாக முடிவெடுத்தவர்களுக்கு என் சிபாரிசு எளிது: ஐ3-12100-உம் ஹெச்610 போர்டும், அல்லது ரைசன் 5 5600ஜி-உம் பி450 அல்லது பி550 போர்டும். இரண்டு சிபியுவிலும் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. இது முக்கியம். 'எஃப்' என்று முடியும் இன்டெல் சிபியுவிலும், 'ஜி' இல்லாத ரைசன் 5 5600 போன்றவற்றிலும் அது கிடையாது. விலை குறைவு என்று வாங்கி, மானிட்டரில் படமே வரவில்லை என்று புலம்புவது அடிக்கடி நடக்கிறது.

4. ரேம்: பழையதை எடுத்துப்போக முடியுமா

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் கீழே இருக்கும் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் துளையில் இன்னொன்று இறங்காது. அழுத்திப் பார்க்க வேண்டாம், துளைதான் உடையும்.

டிடிஆர்3 வைத்திருப்பவர் புதுப் போர்டுக்குப் போனால் அந்த ரேமை மறந்துவிட வேண்டியதுதான். டிடிஆர்4 வைத்திருப்பவருக்கு நல்ல காலம்: ஏஎம்4 முழுக்க டிடிஆர்4, எல்ஜிஏ 1700 போர்டுகளில் டிடிஆர்4 வகையும் உண்டு, டிடிஆர்5 வகையும் உண்டு. ஒரே மாடல் பெயரில் இரண்டும் வரும். வித்தியாசம் கடைசியில் இருக்கும் 'டி4' அல்லது 'டிடிஆர்4' என்ற சின்ன எழுத்தில்தான். இவற்றுக்குப் பிறகு வந்த சாக்கெட்டுகளான ஏஎம்5-உம் எல்ஜிஏ 1851-உம் டிடிஆர்5 மட்டுமே. 2025 கடைசியில் ரேம் விலை எகிறிய பிறகு, கையில் நல்ல டிடிஆர்4 இருக்கிறவர் அதை விட்டுவிட்டு டிடிஆர்5-க்குத் தாவ எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

5. கேசிங்: இது பிராண்டு பெட்டியா?

கடையில் கட்டிக் கொடுத்த சாதாரண பெட்டி என்றால் கவலை குறைவு. ஏடிஎக்ஸ் போர்டு 305 க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170 க்கு 170. சின்னப் போர்டு பெரிய பெட்டியில் உட்காரும், பெரிய போர்டு சின்னப் பெட்டியில் உட்காராது. சந்தேகமாக இருந்தால் மைக்ரோ ஏடிஎக்ஸ் வாங்குங்கள்.

ஏலத்திலோ அலுவலகம் கழித்துக் கட்டியபோதோ வந்த டெல், ஹெச்பி, லெனோவோ பெட்டி என்றால் இங்கேயே நில்லுங்கள். அவற்றில் பலவற்றின் பவர் சப்ளையில் வழக்கமான 24 பின் கிடையாது. 6, 8, 10, 14 என்று கம்பெனிக்கு ஒரு கணக்கு. முன்பக்க பட்டனின் ஒயர் தனித்தனியாக இல்லாமல் ஒரே கொத்தாக வரும். பின்பக்கத் தகடு பெட்டியோடு சேர்த்தே வெட்டப்பட்டிருக்கும், கழற்ற முடியாது. சாதாரண போர்டை உள்ளே வைக்க பவர் சப்ளை, கேசிங் எல்லாம் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவுக்கு எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட செகண்ட்ஹேண்ட் அலுவலகப் பெட்டி ஒன்றையே முழுசாக வாங்கிவிடலாம், பெரும்பாலும் கொஞ்சம் வெள்ளி மிச்சமும் ஆகும். போர்டு மட்டும் செத்திருந்தால் அதே மாடலின் பழைய போர்டைத் தேடுங்கள்.

6. பவர் சப்ளை

ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டை நம்பாதீர்கள். 12 வோல்ட் வரியைப் பாருங்கள். அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால், 12 பெருக்கல் 18, ஆக 216 வாட்தான் சிபியுவுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் கிடைக்கும். மேலே 500 என்று அச்சடித்திருந்தாலும் சரி.

சிபியுவுக்குப் போகும் தனி ஒயரையும் எண்ணுங்கள், 4 பின்னா 8 பின்னா என்று. கேசிங்கோடு இலவசமாக வந்த பவர் சப்ளை பல வருடம் ஓடியிருந்தால் போர்டோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். உலகில் இடி மின்னல் அதிகம் உள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. அந்தப் பவர் சப்ளை எத்தனை அடி வாங்கியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மழை இருட்டினால் மின்சாரப் பிளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் கழற்றும் பழக்கம் வேண்டும். மின்னல் இரண்டு வழியாகவும் வரும்.

7. பின்பக்கம் என்னென்ன செருகப்பட்டிருக்கிறது

வீட்டுப் பெட்டிக்கு இது சுலபம். பழைய மானிட்டரில் விஜிஏ (பழைய வகைப் பட இணைப்பு) மட்டும் இருந்தால், விஜிஏ உள்ள போர்டாகப் பாருங்கள்; ஹெச்610 போர்டுகள் பலவற்றில் இன்னும் வருகிறது. இல்லாவிட்டால் ஹெச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் அடாப்டர் வேண்டும். உள்ளே சிப் இல்லாத வெறும் கேபிள் வேலை செய்யாது.

தோட்ட அலுவலகப் பெட்டியில்தான் வினை. செம்பனைக் குலை லோரி ஏறி நிற்கும் தராசு, எடையை ஒன்பது பின் சீரியல் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. புதுப் போர்டின் பின்பக்கத்தில் அந்தத் துளையைத் தேடினால் பெரும்பாலும் இருக்காது. போர்டு வந்து, மாட்டி முடித்து, கிராணி தராசு மென்பொருளைத் திறந்து, எடை பூஜ்யத்திலேயே நிற்பதைப் பார்த்த பிறகுதான் இது ஞாபகத்துக்கு வரும். வெளியே லோரி வரிசை கட்டி நிற்கும்.

பல போர்டுகளில் சீரியல் துளை வெளியே இல்லாவிட்டாலும் உள்ளே 'காம்' என்று எழுதிய சின்னப் பின் வரிசை இருக்கும். அதிலிருந்து பின்பக்கத்துக்கு எடுத்துவர ஒரு கேபிள் விற்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: அந்தக் கேபிளில் இரண்டு விதமான பின் அமைப்பு உண்டு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். போர்டின் கையேட்டில் உள்ள படத்தோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

யுஎஸ்பி-யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் அடாப்டரும் போடலாம். அப்போது விண்டோஸ் அதற்குக் காம் 3, காம் 5 என்று ஏதாவது ஒரு எண் கொடுக்கும். தராசு மென்பொருள் காம் 1-ஐத் தேடிக்கொண்டிருக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் எண்ணை மாற்றினால் சரியாகிவிடும். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரின் அகலமான இணைப்புக்கும் இதே கேள்வியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. விண்டோஸை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

போர்டை ஆர்டர் செய்வதற்கு முன், பழையது ஓடும்போதே செய்ய வேண்டியது இது. பிறகு என்று தள்ளினால் வழி அடைபட்டுவிடலாம்.

முதலில் கோப்புகளை வெளி டிரைவில் நகல் எடுங்கள். அடுத்து, டிஸ்க் என்கிரிப்ஷன் (டிஸ்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி) இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். இருந்தால் அதன் சாவி பழைய போர்டோடு கட்டுப்பட்டிருக்கும்; போர்டு மாறியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள், அல்லது என்கிரிப்ஷனை நிறுத்துங்கள்.

லைசென்ஸ்: தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீடெய்ல் விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிட்டால் புதுப் போர்டுக்குக் கொண்டுபோகலாம். கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்தப் போர்டோடு முடிந்தது. அந்தக் காசையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படியில் எழுதிய பயோஸ் மோடை இப்போது எடுங்கள். 'லெகசி' என்று இருந்தால் அந்த டிஸ்கிலிருந்து புதுப் போர்டு பூட் ஆகாமல் போகலாம். புதிய இன்டெல் போர்டுகளில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் லெகசி முறையே கிடையாது. விண்டோஸ் 10-லேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்கை யுஇஎஃப்ஐ முறைக்கு மாற்றலாம். ஆனால் மாற்றிய பிறகு பழைய போர்டில் லெகசி முறையில் அது ஏறாது. நகல் எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகவே போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. நேரம் போனாலும் தலைவலி குறைவு.

விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், ரைசன் என்றால் பெரும்பாலும் 2000 வரிசையிலிருந்து. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும்; அது பல போர்டுகளில் பயோஸுக்குள் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், இயக்கினால் போதும்.

9. இப்போது போர்டைத் தேர்ந்தெடுங்கள்

சாக்கெட், ரேம் வகை, அளவு, துளைகள் நான்கும் தாளில் இருக்கின்றன. அவற்றுக்குப் பொருந்தும் மாடல்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் தளத்தில் சிபியு சப்போர்ட் பட்டியலைத் திறங்கள். உங்கள் சிபியுவின் பெயருக்கு எதிரே ஒரு பயோஸ் பதிப்பு எண் இருக்கும். போர்டில் இருக்கும் பயோஸ் அதைவிடப் பழசு என்றால் சிபியு ஏறாது. கடையில் வாங்கினால் அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கினால், சிபியு இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயோஸ் ஏற்றும் பட்டன் உள்ள போர்டு பாதுகாப்பு. போர்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் ரெவிஷன் எண்ணும் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும்.

தகரக் கூரை வீட்டில் மதிய வெயிலில் ஓடப்போகும் பெட்டிக்கு, சிபியுவைச் சுற்றியுள்ள மின்சாரப் பகுதியில் அலுமினியத் தகடு உள்ள போர்டாகப் பாருங்கள். ஐ3-க்கு அது இல்லாமலும் ஓடும், ஐ7 போடுவதாக இருந்தால் கட்டாயம். பழைய கூலரைப் பயன்படுத்த நினைத்தால்: 1155-லிருந்து 1200 வரை ஓட்டைகள் ஒரே இடைவெளி, 1700-க்கு வேறு.

செகண்ட்ஹேண்ட் என்றால் டார்ச் அடித்துப் பார்த்து வாங்குங்கள். இன்டெல் போர்டில் பின்கள் சாக்கெட்டுக்குள் இருக்கின்றன. போனின் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் எல்லாப் பின்னும் ஒரே திசையில் மின்னும். வளைந்தது மட்டும் கறுப்புப் புள்ளியாகத் தனித்துத் தெரியும். கபாசிட்டரின் (போர்டில் நிற்கும் சின்ன உருளை) தலை உப்பியிருக்கிறதா, யுஎஸ்பி துளைகளில் துரு இருக்கிறதா, பல்லி எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தபாலில் வருவதென்றால் சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியோடு அனுப்பச் சொல்லுங்கள். அன்றைய தேதியைத் தாளில் எழுதி, பக்கத்தில் போர்டு பயோஸ் திரையைக் காட்டுவது போல் வீடியோ கேளுங்கள். தர மறுப்பவரிடம் பேரம் பேச வேண்டாம். பின்பக்கத் தகடும் சேர்த்துத் தருகிறாரா என்று கேளுங்கள், தனியாகத் தேடினால் கிடைக்காது.

10. பெட்டிக்குள் வைக்கும் முன் சோதனை

போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து, சிபியு, கூலர், ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை மட்டும் மாட்டுங்கள். மானிட்டரைப் போர்டின் துளையில் செருகுங்கள். பவர் பட்டனுக்கான இரண்டு பின்னை ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் ஓடத் தொடங்கும். கேசிங்கில் மாட்டிய பிறகு ஓடவில்லையென்றால் போர்டா, ஒயரா, கேசிங்கா என்று தெரியாது. இப்படிச் செய்தால் தெரியும்.

ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை என்றால் சிபியுவுக்குப் போகும் 4 அல்லது 8 பின் ஒயரைப் பாருங்கள். பெரிய 24 பின்னை மாட்டிவிட்டு இதை மறப்பது சகஜம்.

கேசிங்கில் ஏற்றும்போது, புதுப் போர்டின் ஓட்டைகளுக்கு நேராக இல்லாத பித்தளைத் தாங்கிகளைக் கழற்றிவிடுங்கள். ஒன்று மிஞ்சி போர்டின் அடியில் உரசினாலும் ஷார்ட் ஆகும். நெட்வொர்க் டிரைவரை முன்கூட்டியே பென்டிரைவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் ஏறியும் இன்டர்நெட் இல்லையென்றால் அதை இறக்க வேறு கம்ப்யூட்டர் தேடி அலைய வேண்டும்.

ஒரு நாள் முழுக்க ஓட்டி, ஒவ்வொரு யுஎஸ்பி துளையையும், ஆடியோவையும், இரண்டு ரேம் துளைகளையும் சோதித்த பிறகு ஷாப்பியில் 'ஆர்டர் ரிசீவ்டு' அழுத்துங்கள். அதை அழுத்தியதும் பணம் விற்பவர் கைக்குப் போய்விடும். ரசீதையும் அட்டைப் பெட்டியையும் வாரண்டி முடியும்வரை அலமாரி மேல் போட்டு வையுங்கள்.